எந்தக் கேமரா எடுத்தது? பேராக் அளவில் ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு பால்மரம் நிற்கிறது. 1877-இல் இந்த ஊரில் நட்ட 9 கன்றுகளில் எஞ்சியது என்று அதைக் காட்டுவார்கள். அந்த மரத்தை 12 மெகாபிக்சல் கைத்தொலைபேசியில் ஒருமுறை படமெடுத்தால் 4,000 × 3,000 = 12,000,000 புள்ளிகள் பதிவாகும். கோப்பின் அளவு 3 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பில், எடுத்த கருவியைப் பற்றிய தகவல் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று எழுத்தாக, கோப்பின் தலைப்பகுதியில். மற்றொன்று அந்த 12,000,000 புள்ளிகளுக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில். முதலாவதை அழிக்கச் சில விநாடி போதும். இரண்டாவதை அழிப்பதும் கடினம், படிப்பதும் கடினம். அப்படிப் படித்துச் சொல்லும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கே கணக்கு.

எழுத்தாக இருப்பதற்கு எக்சிஃப் என்று பெயர். ஜப்பானியத் தொழில் சங்கம் 1995-இல் வகுத்த முறை அது. ஜேபெக் கோப்பில் அதற்கு ஒதுக்கிய இடம் அதிகபட்சம் 64 கிலோபைட், அதாவது நம் 3 மெகாபைட் கோப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடு. தயாரிப்பாளர், மாதிரி, தேதி, நேரம், துளை அளவு, இடக்குறி எல்லாம் அதற்குள் அடங்கும். கேமராவின் வரிசை எண்ணுக்கென்று பொதுவான இடம் 2010 ஏப்ரலில் வந்த 2.3 பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை அந்த எண்ணை எழுதிய நிறுவனங்கள் தங்களுக்கென வைத்திருந்த தனிப் பகுதியில் எழுதின. ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது நூல் 2007 ஜூலையில் வெளியாகுமுன்பே அதன் பக்கங்களை யாரோ படமெடுத்து இணையத்தில் விட்டபோது, அந்தப் படங்களில் கேனன் கேமராவின் வரிசை எண் அப்படியே இருந்தது. ஆனாலும் வரிசை எண் என்பது ஓர் எண் மட்டுமே. வாங்கியவர் உத்தரவாத அட்டையில் பெயர் பதிந்திருந்தால்தான் அது ஓர் ஆளிடம் போய்ச் சேரும்.

இன்றைய படங்களில் பெரும்பகுதிக்கு அந்த எண்ணும் இல்லை. கைத்தொலைபேசிகள் பொதுவாகப் படத்தில் வரிசை எண்ணையோ ஐஎம்இஐ எண்ணையோ எழுதுவதில்லை. மாதிரியின் பெயரை மட்டும் எழுதுகின்றன. ஐபோன் 6எஸ், 6எஸ் பிளஸ் இரண்டும் 2015 செப்டம்பரில் சந்தைக்கு வந்த முதல் வாரயிறுதியில் மட்டும் 13 மில்லியனுக்கு மேல் விற்றதாக ஆப்பிள் அறிவித்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேராக் மாநிலத்தில் இருந்தவர்கள் 2,496,041 பேர். அந்த இரண்டு மாதிரிகளின் மூன்று நாள் விற்பனையே பேராக் மக்கள்தொகையைப்போல் 5.2 மடங்கு. மாதிரியின் பெயர் தெரிந்துவிட்டது என்பதால் கருவி தெரிந்துவிடவில்லை.

இடக்குறி இன்னும் துல்லியமாகத் தோன்றும். கோலா கங்சார் வடக்கு 4 பாகை 46 கலை, கிழக்கு 100 பாகை 56 கலை என்ற அளவில் இருக்கிறது. எக்சிஃப் இதை விகலையின் நூறில் ஒரு பங்கு வரை எழுதும். அட்சரேகையில் ஒரு விகலை ஏறத்தாழ 31 மீட்டர். நூறில் ஒரு பங்கு 31 சென்டிமீட்டர். எழுதுவது 31 சென்டிமீட்டர்க் கணக்கில்தான், ஆனால் கருவிக்குத் தெரிவது அவ்வளவு இல்லை. திறந்த வெளியில் கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் பிழை பொதுவாக 4.9 மீட்டர் ஆரம் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. 4.9 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 75.4 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 812 சதுர அடி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கடைகளில் எது என்று அது சொல்லாது. கட்டடத்துக்குள் பிழை இன்னும் கூடும்.

நேரக் குறியிலும் இதே சிக்கல்தான். எக்சிஃப் நேரத்துடன் எந்த நாட்டு நேரம் என்று குறிக்க 2016 ஜூலையில் வந்த 2.31 பதிப்புவரை இடமே இல்லை. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முந்தியது, இந்தியா 5.30 மணி முந்தியது. வேறுபாடு 2 மணி 30 நிமிடம். தமிழ்நாட்டு நேரத்தில் விட்ட கேமராவை இங்கே கொண்டுவந்து அதிகாலை 1.30-க்குப் படமெடுத்தால், கோப்பில் முந்தைய நாள் இரவு 11.00 என்று விழும். நேரம் மட்டுமல்ல, தேதியே மாறிவிடும். கைத்தொலைபேசி வலையமைப்பிலிருந்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும்; கையால் நேரம் வைக்கும் கேமரா திருத்திக்கொள்ளாது.

ஆகவே எழுத்தை விட்டுப் புள்ளிக்கு வருவோம். சென்சாரில் உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு ஒரே அளவு மின்னூட்டம் தருவதில்லை. சிலிக்கான் தகட்டின் சீரின்மையாலும் உற்பத்தியின் சிறு வேறுபாட்டாலும் ஒன்று சற்றுக் கூட்டித் தரும், மற்றொன்று சற்றுக் குறைத்துத் தரும். இந்த வேறுபாடு பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் கீழ். வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை என்றால், 200 என்று விழ வேண்டிய புள்ளி 199 என்றோ 201 என்றோ விழும். ஒரு புள்ளியை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் 12,000,000 புள்ளிகளிலும் இந்தக் கூட்டலும் குறைத்தலும் ஒரே வரிசையில் ஒவ்வொரு படத்திலும் திரும்ப வரும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு சென்சார்களுக்கும் அந்த வரிசை வெவ்வேறு.

அந்த வரிசையைப் பிரித்தெடுக்க ஒரு படம் போதாது. படத்தில் மரமும் வானமும் இருக்கின்றன, தற்செயல் இரைச்சலும் இருக்கிறது. ஒருநாள் மங்கில் வடிந்த பாலை வைத்து எந்தக் கங்காணியும் மரத்தின் விளைச்சலைச் சொல்ல மாட்டார். பல நாள் சராசரியைத்தான் பார்ப்பார். இங்கேயும் பல படங்களின் சராசரி தேவை. எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத் தற்செயல் இரைச்சல் குறையும். 50 படங்களுக்கு 7.07 மடங்கு, 100 படங்களுக்கு 10 மடங்கு, 200 படங்களுக்கு 14.14 மடங்கு. 50 படத்தை 200 ஆக்கினால் உழைப்பு 4 மடங்கு, பலன் 2 மடங்கு. ஆய்வுகளில் 50 என்ற எண் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். சென்சாரின் கைரேகை எனப்படும் அந்த வரிசையை எடுக்க 50 படம் என்றால் சேமிப்பு 150 மெகாபைட். தொலைபேசி கையில் இருந்தால் அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

இந்த முறையை 2006 ஜூனில் முழுமையாக வெளியிட்டவர்கள் நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூகாஷ், ஃப்ரிட்ரிச், கோல்யான் ஆகிய மூவர். சோதித்த கேமராக்கள் 9, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 320 படங்கள். மொத்தம் 2,900-க்குச் சற்றுக் குறைவு. அந்த 9-இல் ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கேமராக்களும் இருந்தன. அவற்றையும் முறை பிரித்துக் காட்டியது. ஆனால் 9 கேமராக்களை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது.

அதே பல்கலைக்கழகத்தினர் 2009-இல் வெளியிட்ட சோதனைதான் இன்றும் எல்லாரும் காட்டும் சோதனை. கேமராக்கள் 6,896. மாதிரிகள் 150. படங்கள் பத்து இலட்சத்துக்கு மேல். எல்லாம் பொதுமக்கள் ஃபிளிக்கர் தளத்தில் ஏற்றியவை. மூன்றாண்டில் கேமரா எண்ணிக்கை 766 மடங்கு பெருகிவிட்டது. முடிவு இரண்டு எண்கள். அந்தக் கேமராவே எடுத்த படத்தை ‘இல்லை’ என்று தவறவிடும் விகிதம் 2.38 விழுக்காட்டுக்குள். வேறு கேமரா எடுத்த படத்தை ‘ஆம்’ என்று தவறாக ஏற்கும் விகிதம் 0.0024 விழுக்காட்டுக்குள், அதாவது 41,667-இல் 1.

41,667-இல் 1 என்ற எண்ணை நீதிமன்றத்தில் கேட்பவருக்கு ஐயம் எதுவும் மிஞ்சாது. ஆனால் அந்த எண்ணுக்கு எத்தனை கருவிகளுடன் ஒப்பிட்டார்கள் என்பதைச் சேர்த்தால்தான் பொருள் உண்டு.

ஒரு தோட்டக் கோயில் திருவிழாவில் 40 பேர் கைத்தொலைபேசியில் படமெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்தை 40 தொலைபேசிகளுடன் ஒப்பிட்டால் தவறான பொருத்தம் எதிர்பார்க்கத்தக்க அளவு 40 × 0.000024 = 0.00096, ஆயிரம் முறை இப்படிச் சோதித்தால் ஒருமுறை வரலாம். அதே படத்தைப் பேராக் மக்கள் ஒவ்வொருவர் தொலைபேசியுடனும், ஆளுக்கு ஒன்று என்று கொண்டு, ஒப்பிட்டால் 2,496,041 × 0.000024 = 59.9. உண்மையான கருவி ஒன்று. அதனுடன் தவறாகப் பொருந்தியவை 60. ‘பொருந்துகிறது’ என்ற பதில் வந்த 61 தொலைபேசிகளில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் உண்மையில் எடுத்தவராக இருக்கும் வாய்ப்பு 1.6 விழுக்காடு. மலேசியா முழுவதும், 2020 கணக்கெடுப்பின் 32,447,385 பேருக்கு, தவறான பொருத்தம் 779. சோதனையும் ஒன்று, பிழை விகிதமும் ஒன்று. கூட்டம் பெருகியதில் பதிலின் மதிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு ஐயத்திலிருந்து 98 விழுக்காடு ஐயத்துக்குப் போய்விட்டது.

எக்சிஃப் எழுத்து இங்கே உதவும். அந்த மாதிரியை வைத்திருப்பவர்கள் பேராக்கில் 2 விழுக்காடு என்று கொண்டால் ஒப்பிட வேண்டியவை 49,921. தவறான பொருத்தம் 1.2. ஐயம் பாதிக்கு மேல் அப்போதும் நிற்கிறது. ஒரே கருவியில் எடுத்த இரண்டு படங்கள் கிடைத்து, இரண்டும் தனித்தனியே பொருந்தினால், கணக்கு வேறு: 0.000024-ஐ 0.000024-ஆல் பெருக்கிப் பேராக் முழுவதற்கும் கொண்டாலும் எதிர்பார்ப்பு 0.0014 மட்டுமே. இந்தப் பெருக்கல் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சாராதபோதுதான் செல்லும். ஒரே மாதிரியின் மென்பொருள் எல்லாப் படத்திலும் ஒரே சாயலைப் பதித்தால் செல்லாது. அந்தச் சாயல் பற்றிக் கீழே வருகிறது.

ஊர் முழுவதையும் ஒப்பிடும் செலவையும் பார்த்துவிடலாம். ஒரு கைரேகைக்கு 12,000,000 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், ஆக 48 மெகாபைட். பேராக் முழுவதற்கும் 119.8 டெராபைட். அந்தக் கைரேகைகளைச் செய்ய வேண்டிய படங்கள் 124.8 மில்லியன், அவற்றின் அளவு 374 டெராபைட். ஓர் ஒப்பீட்டுக்கு 1 விநாடி என்று வைத்தால் ஒரு படத்துக்கு 28.9 நாள். செய்யவே முடியாத வேலை என்று இதைத் தள்ள முடியாது. பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சேமிப்பு பெரிதன்று. செய்து முடித்தாலும் கையில் மிஞ்சுவது 61 பெயர்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2009 சோதனையின் கேமராக்கள் அந்தக் காலத்துக் கேமராக்கள். உலகில் கேமரா விற்பனை உச்சத்தில் இருந்தது 2010-இல்: ஜப்பானியக் கேமரா சங்கத்தின் கணக்கில் சந்தைக்கு அனுப்பியவை 121.5 மில்லியன். 2023-இல் 7.7 மில்லியன். சரிவு ஏறத்தாழ 94 விழுக்காடு. அதே 2023-இல் உலகச் சந்தைக்கு வந்த திறன்பேசிகள் ஏறத்தாழ 1,170 மில்லியன். ஒரு கேமராவுக்கு 152 தொலைபேசிகள். ஆக, நம்பகத்தை அளந்தது ஒரு வகைக் கருவியில், இன்று வழக்குக்கு வருவது வேறு வகைக் கருவியிலிருந்து.

வேறுபாடு பெயரளவில் இல்லை. இன்றைய தொலைபேசி ஒருமுறை அழுத்தும்போது பல படங்களை எடுத்து அடுக்கி, இரைச்சலைத் துடைத்து, பின்னணியை மங்கலாக்கித் தருகிறது. துடைக்கும் அந்த இரைச்சலில்தான் கைரேகை இருக்கிறது. இத்தாலியின் புளோரன்ஸ் நகர ஆய்வாளர்கள் இயூலியானி, ஃபொந்தானி, பீவா ஆகியோர் 2021-இல் 45 திறன்பேசி மாதிரிகள், 25 பெரிய கேமரா மாதிரிகள், 33,000-க்கு மேற்பட்ட ஃபிளிக்கர் படங்கள் என்று எடுத்துச் சோதித்தார்கள். சில புதிய மாதிரிகளில் தவறான பொருத்தம் எதிர்பார்த்ததைவிடக் கணிசமாக மிகுந்திருந்தது. வெவ்வேறு தொலைபேசிகள் எடுத்த படங்கள் ஒரே கருவி எடுத்தவைபோல் பொருந்தின. ஐபோன் எக்ஸின் பின்னணி மங்கலாக்கும் முறையிலும் இப்படி ஆவதை வேறோர் ஆய்வு காட்டியிருந்தது. 41,667-இல் 1 என்ற எண்ணை 2009-க்குப் பிந்தைய எல்லாக் கருவிக்கும் பொருத்தக்கூடாது என்பதற்கு இவை போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே அளந்த எண் வேண்டும். நீதிமன்ற அறிக்கையில் 2009-இன் எண்ணை மட்டும் எழுதி மாதிரிக்குரிய எண்ணை விடுவது, என் பார்வையில், பாதிக் கணக்கு.

தொலைபேசி பழுதுபார்க்கும் கடையில் கேமராப் பகுதியை மாற்றினால் கைரேகையும் மாறிவிடும். பழைய படங்கள் அதே தொலைபேசியில் இருந்தாலும் புதிய சென்சாருடன் பொருந்த மாட்டா. கழற்றிய பகுதி குப்பைக்குப் போகும், அல்லது இன்னொருவர் தொலைபேசிக்குள் போகும்.

அடுத்தது வாட்ஸ்அப். நம் பால்மரப் படத்தை வழக்கமான தரத்தில் ஒருவருக்கு அனுப்பினால் நீளப் பக்கம் பொதுவாக 1,600 புள்ளிக்குக் குறையும். 1,600 × 1,200 = 1,920,000. மிஞ்சுவது 16 விழுக்காடு. புதிய ஒரு புள்ளி பழைய 6.25 புள்ளிகளின் கலவை. 3 மெகாபைட் கோப்பு சில நூறு கிலோபைட்டுக்கு இறங்கும். எக்சிஃப் எழுத்து முழுவதும் போய்விடும்: மாதிரி, நேரம், இடம் எதுவும் பெறுபவருக்குக் கிடைக்காது. கைரேகை முற்றிலும் அழிவதில்லை, தேயும். எவ்வளவு தேயும்வரை படிக்கலாம் என்பதை அளக்க உதவும்படி புளோரன்ஸ் பல்கலைக்கழகம் 2017-இல் 35 கருவிகள், 11 நிறுவனங்கள், 34,427 படங்கள், 1,914 காணொளிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. கருவிக்குச் சராசரி 984 படங்கள்; அசலும், முகநூல், வாட்ஸ்அப் வழியே போய்வந்த படிகளும் அதில் உண்டு. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு ஐந்தாறு முறை கைமாறிய படத்துக்கு அந்தத் தொகுப்பின் எண்களும் பொருந்தும் என்று சொல்ல இயலாது.

மலேசியர்கள் மறக்காத ஒரு வழக்கு இந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2007 செப்டம்பர் 19 அன்று அன்வார் இப்ராஹிம் 8 நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டார். வழக்கறிஞர் வி.கே. லிங்கம் நீதிபதிகள் நியமனம் பற்றித் தொலைபேசியில் பேசுவதாகச் சொன்ன காட்சி. முழுப் பதிவு 14 நிமிடம். வெளியானது 57 விழுக்காடு. அரசு அமைத்த 3 பேர் குழுவின் முன் எடுத்தவர் வரவில்லை. 2008 ஜனவரி 14-இல் 5 பேர் கொண்ட அரச விசாரணை ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. அதன் முதல் பணியே காணொளி உண்மையானதா என்று கண்டறிவது. 2001-இல் தாமே அதைப் பதிவு செய்ததாக லோ குவோ பர்ன் அங்கே சாட்சியமளித்தார். காணொளி உண்மையானது, பேசியவர் லிங்கம் என்று ஆணையம் 2008 மே மாதம் அளித்த அறிக்கையில் முடிவு செய்தது. பதிவுக்கும் வெளியீட்டுக்கும் இடையில் 6 ஆண்டு. வெளியீட்டுக்கும் அறிக்கைக்கும் இடையில் ஏறத்தாழ 8 மாதம். கருவிக்கும் கைக்கும் இடையிலான தொடர்பை அங்கே உறுதி செய்தது நேரில் வந்த ஒரு சாட்சி. சென்சார்க் கணக்கு எவ்வளவு கூர்மையானாலும் படத்தைக் கருவிவரைதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த விநாடியில் கருவி யார் கையில் இருந்தது என்பது அதன் எல்லைக்கு வெளியே.

தமிழர்கள் இதைவிடக் கனமான ஒரு வழக்கில் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். இலங்கைப் போரில் கைதிகளைச் சுட்டுக்கொல்வதைக் காட்டும் காணொளியைப் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்ட் 25-இல் ஒளிபரப்பியது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 3 நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, காணொளி உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரி 7-இல் அறிவித்தார். விளக்க முடியாதவற்றையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை: சுடப்பட்ட சிலரின் உடல் அசைவுகள், காணொளியின் கடைசி 17 சட்டகங்கள், கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. காட்சி எடுத்ததாகச் சொல்லப்பட்டது 2009 ஜனவரியில். கோப்பின் தேதி அதற்கு ஏறத்தாழ 6 மாதம் பிந்தியது, போர் முடிந்ததற்கும் பிந்தியது. கோப்பில் உள்ள தேதி எடுத்த நாளாக இருக்கலாம், படியெடுத்த நாளாக இருக்கலாம், தவறாக ஓடிய கடிகாரமாகவும் இருக்கலாம். ஆல்ஸ்டனுக்குப் பின் வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் 2011-இல் இன்னும் நீளமான பதிவை நிபுணர்களிடம் கொடுத்தார். அந்த ஆய்வும் உண்மையானது என்றே முடிந்தது. இலங்கை அரசு இரண்டையும் மறுத்தது.

2013 பிப்ரவரியில் வந்த கேள்வி படங்களைப் பற்றியது. விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன் பதுங்கு குழியில் உயிருடன் உட்கார்ந்திருக்கும் படங்களும், மார்பில் குண்டுபட்டு இறந்து கிடக்கும் படங்களும் சில மணி நேர இடைவெளியில் ஒரே கேமராவில் எடுத்தவை என்று ஆவணப்பட இயக்குநர் கேலம் மக்ரே எழுதினார். இங்கே கேட்ட கேள்வியின் அளவைக் கவனிக்க வேண்டும். உலகில் உள்ள எந்தக் கேமரா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு தொகுதிப் படங்களும் ஒன்றா வேறா என்பது மட்டுமே கேள்வி. ஒப்பீடு ஒன்றே ஒன்று. மேலே பார்த்த கணக்கில் இந்த முறை மிக வலுவாக நிற்பது இத்தகைய கேள்வியில்தான். கேமராவின் உரிமையாளர் பெயர் தெரியாமலே, உயிருடன் பிடித்து வைத்தவர்களும் இறந்தபின் படமெடுத்தவர்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள் என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்கிறது. மோதலில் குறுக்கே அகப்பட்டு இறந்தான் என்ற விளக்கம் அதற்குமேல் நிற்பது கடினம். அந்தப் படங்களையும் இலங்கை இராணுவம் மறுத்தது.

சட்டம் என்ன கேட்கிறது? மலேசியாவின் 1950 சான்றுச் சட்டத்தில் 1993-இல் சேர்த்த 90ஏ பிரிவு, கணினி தந்த ஆவணத்துக்குக் கணினியின் பொறுப்பாளர் தரும் சான்றிதழை ஏற்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் ஹாஷ் எண்ணைக் கேட்கிறது. ஷா-256 முறையில் அது 64 எழுத்து. 12,000,000 புள்ளிகளில் ஒன்று மாறினாலும் அந்த 64 எழுத்துத் தொடர் வேறாகிவிடும். அதைக் கணக்கிட ஆகும் செலவு 0 ரிங்கிட், நேரம் ஒரு விநாடிக்குள். இவ்வளவு மலிவான காப்பை நம் 90ஏ பிரிவு கேட்காமல் இருப்பதற்குக் காரணம், அது எழுதிய ஆண்டு 1993 என்பதைத் தவிர வேறு எனக்குத் தெரியவில்லை.

அதே சட்டத்தில் 2012 ஜூலை 31-இல் நடப்புக்கு வந்த 114ஏ பிரிவு வேறு திசையில் போகிறது. ஒரு வெளியீட்டில் யார் பெயரோ படமோ உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ தெரிகிறதோ, யார் பொறுப்பில் இருந்த கணினியிலிருந்து அது போனதோ, அவர்தான் வெளியிட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் சுமை அவருடையது. கருவி அடையாளச் சோதனை இங்கே குற்றஞ்சாட்டுபவரைவிடக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத்தான் தேவைப்படும். ஆனால் 2009 சோதனையின் கணக்கிலேயே, அந்தக் கருவி எடுத்த படத்தை ‘இல்லை’ என்று சொல்லும் பிழை 2.38 விழுக்காடு வரை உண்டு, அதாவது 42 முறையில் 1. வாட்ஸ்அப்பில் தேய்ந்த படத்துக்கு இன்னும் கூடும். மேலும், எடுக்கவில்லை என்று காட்டிவிட்டாலும் அனுப்பவில்லை என்று ஆகிவிடாது.

பணக் கணக்கு சுருக்கமானது. ஆபாசமான, மிரட்டலான உள்ளடக்கத்தை இணையத்தில் வெளியிடுவதைத் தண்டிக்கும் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட், சிறை 1 ஆண்டு என்று இருந்தது. 2025 பிப்ரவரி 11 முதல் அபராதம் 500,000 ரிங்கிட், சிறை 2 ஆண்டு. அபராதம் 10 மடங்கு. அதே மாதம் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது, உயர்வு 13.3 விழுக்காடு. பழைய அபராதம் பழைய சம்பளத்தில் 33 மாதம். புதிய அபராதம் புதிய சம்பளத்தில் 294 மாதம், அதாவது 24 ஆண்டு 6 மாதம். ஒரு படம் யாருடையது என்ற கேள்வி ஒரு தோட்டத் தொழிலாளியின் உழைப்பாண்டுகளில் பெரும்பகுதியைத் தின்னக்கூடிய அளவுக்கு வளர்ந்துவிட்டது.

படம் பிறக்கும்போதே கையொப்பமிடும் கேமராவும் சந்தையில் உண்டு. 2023 அக்டோபரில் வந்த லைக்கா எம்11-பி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அப்போது அதன் விலை 9,195 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 43,000 ரிங்கிட்டுக்கு மேல். அப்போதைய குறைந்தபட்சச் சம்பளத்தில் 28 மாதத்துக்கும் மேல். அந்த விலையில் அது சாதாரண மக்களின் வழக்குகளுக்கு விடையல்ல.

கையில் இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியவை சில உண்டு. சான்றாகப் பயன்படக்கூடிய படம் உங்களிடம் இருந்தால் அசல் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். புள்ளியும் எழுத்தும் அப்படியே போகும். அன்றே 64 எழுத்து ஹாஷ் எண்ணை எடுத்து எழுதி வையுங்கள். அதே தொலைபேசியில் திருத்தாமல் எடுத்த வேறு 50 படங்களை வைத்திருங்கள். வழக்கு முடியும்வரை கேமராப் பகுதியை மாற்றாதீர்கள். எதிர்த்தரப்பு ‘பொருந்துகிறது’ என்று அறிக்கை கொண்டுவந்தால் மூன்று எண்களைக் கேளுங்கள்: எத்தனை கருவிகளுடன் ஒப்பிட்டார்கள், இந்த மாதிரிக்கு அளந்த தவறான பொருத்த விகிதம் என்ன, கைரேகைக்கு எத்தனை படம் எடுத்தார்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த அறிக்கையை உங்கள் வழக்கறிஞர் எழுத்து மூலம் எதிர்க்க வேண்டும்.